பதினோராவது கோடு

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பிஸ்கட் பாக்கெட்டிலேயே காலம் தள்ளுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டையில் முடிகிறது, கடிதமே எழுது என்று நீ சொன்னபடி எழுதுகிறேன்.

உன் படைப்பை எங்கள் குழு எடுத்துக்கொண்டதாக நேற்று மேலாளர் அறிவித்தார். பதினாறு தந்தி வாத்தியங்கள், உன் கம்ப்யூட்டர் எழுப்பும் ஒலி, பின்னால் பெரிய திரையில் படம். அறிவிப்பு முடிந்ததும் செல்லோக்காரர் என்னிடம் வந்து, "உங்க தம்பி எங்களை வாசிக்க விடுவாரா, இல்ல பிளக்குல சொருகிடுவாரா?" என்று கேட்டார். எங்கள் முன்னால் நின்று கோல் ஆட்டுபவருக்கு, அவரைக் கோல்காரர் என்றுதான் சொல்வோம், ஒரே உற்சாகம். எனக்கோ தலைகால் புரியவில்லை. மூக்கு ஒழுக என் வயோலாப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தவன் எழுதியதை நான் வாசிக்கப்போகிறேன்!

இன்னொரு விஷயம். என் வலது கை நடுங்குகிறது. வில் பிடிக்கும் கை. ஆறு மாதமாக. வேகமாக வாசிக்கும்போது தெரியாது, மெதுவாக இழுத்தால் தெரியும். ஜூலைக் கடைசியில் நாற்காலிப் பரிசீலனை வருகிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை யார் இருப்பது, யார் போவது என்று முடிவு செய்வார்கள். இந்த நாற்காலி போனால் என் வயதில் வேறு குழு எடுக்காது. வாசிப்பதை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது என்பது உனக்கே தெரியும். டாக்டருக்கும் உனக்கும் தவிர யாருக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்குக்கூட. மூச்சு விடாதே.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

இங்கே சுகம். பிஸ்கட் பாக்கெட் இல்லை, ரொட்டி பாக்கெட் என்று அம்மாவிடம் சொல். முன்னேற்றம்தானே.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். என்னிடம் மட்டும் சொன்னாயே, அதற்கே உன் காலில் விழ வேண்டும். என் வாய்க்குப் பூட்டுப் போட்டாயிற்று.

படைப்பைப் பற்றிச் சொல்கிறேன். பதினாறு வாத்தியங்களின் மரத்திலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மைக்கை ஒட்டுவேன். உங்கள் வில்லின் ஒவ்வொரு அசைவும் அதன் வழியாக என் மெஷினுக்கு வரும். திரையில் ஆளுக்கு ஒரு கோடு, இடமிருந்து வலமாக, உட்காரும் வரிசையிலேயே. வாசித்தால் கோடு எரியும், நிறுத்தினால் அணைந்துவிடும். கோடு அசைகிற அசைவிலிருந்து மெஷின் புது ஒலியை உண்டாக்கி அரங்கம் முழுக்கப் பரப்பும். எதுவும் முன்கூட்டிப் பதிவு செய்ததில்லை, எல்லாமே அந்தக் கணத்தில் பிறப்பது. அதுதான் இதன் உயிர். இதை மேடையேற்றும் இசை விழாக்காரர்கள் இதைக் கேட்டுத்தான் வாயைப் பிளந்தார்கள்.

உன் கை எப்போது நடுங்கும்? வில்லின் நுனியிலா, அடியிலா? நொடிக்கு எத்தனை தடவை இருக்கும்? மெதுவான நீள ஸ்வரத்தில் கூடுமா? தம்பி என்கிற முறையில்தான் கேட்கிறேன், விவரமாக எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
தம்பி

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். டாக்டர்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லை. என் மேல் இவ்வளவு அக்கறையா என்று கண் கலங்கிவிட்டது, போ.

நடுக்கம் வில்லின் நுனியில்தான். சன்னமாக, நீளமாக ஒரே ஸ்வரத்தை இழுக்கும்போது மோசம். நொடிக்கு எத்தனை என்று எண்ண நான் என்ன கணக்கு வாத்தியாரா? அது என் பக்கத்து நாற்காலிக்காரரின் பட்டப்பெயர். நானும் அவரும் ஒரே ஸ்டாண்டில் ஒரே தாளைப் பார்த்து வாசிக்கிறோம். மனுஷர் தாளத்தை முணுமுணுவென்று எண்ணிக்கொண்டே இருப்பார். நல்லவேளை, தாளைத் தவிர எதையும் பார்க்க மாட்டார், அதனால் நான் தப்பித்தேன்.

நல்ல செய்தி ஒன்று. டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். போட்ட ஒரு மணி நேரத்தில் கை அப்படியே நிற்கிறது. நாலைந்து மணி நேரம் கவலையில்லை. முதல் நாள் போட்டுக்கொண்டு குளியலறையில் கதவைச் சாத்தி வாசித்துப் பார்த்தேன். பழைய கை! சத்தமில்லாமல் அழுதேன்.

ஆனாலும் ஒரு வேண்டுகோள். உன் படைப்பில் எனக்கு நீள ஸ்வரம் வைக்காதே. வேண்டிய அளவு வேகமாகக் கொடு, பிய்த்து எடுக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ராப்பகலாக வேலை. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு பட்டை அனுப்பியிருக்கிறேன்.

இசைத்தாள்கள் உங்கள் மேலாளருக்குப் போய்விட்டன. நடுப்பகுதியில் மூன்று நிமிஷம் வயோலா ஒரே ஸ்வரத்தைச் சன்னமாக இழுக்கும். மற்றவர்கள் கூடவே சன்னமாகத் தாங்குவார்கள். ஆமாம், நீதான். பார்த்ததும் திட்டுவாய் என்று தெரியும். ஆனால் அந்த இடத்துக்கு வயலின் கூர்மை, செல்லோ கனம். இரண்டுக்கும் நடுவே வயோலாதான் சரி. அதிலும் உன் வயோலாவின் குரலை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். மாத்திரை இருக்கும்போது என்ன பயம்? உன்னை மனதில் வைத்துத்தான் எழுதினேன் அக்கா.

உன்,
தம்பி

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

பட்டை வந்தது. அம்மா அதைக் காலில் கட்டாமல், தம்பி அனுப்பியது என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

தாளைப் பார்த்தேன். உனக்கு அறிவிருக்கிறதா? வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டேன், அதையே மூன்று நிமிஷம் எழுதி வைத்திருக்கிறாய். கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, தம்பி அக்காவுக்குத் தனியாவே சீர் செஞ்சிருக்காரே" என்று கேலி செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

அப்புறம் வாசித்துப் பார்த்தேன். கோபம் போய்விட்டது. நன்றாக இருக்கிறதடா. மாதிரிக்கு நீ அனுப்பிய மெஷின் ஒலியை மேலாளர் போட்டுக் காட்டினார். முதலில் பழைய ஃப்ரிட்ஜ் மூச்சு வாங்குவது போல இருந்தது, கேட்கக் கேட்க என்னவோ செய்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு வாசித்துவிடுகிறேன். மைக் ஒட்டிப் பார்க்க அடுத்த மாதம் வருகிறாயாமே, இப்போதே அம்மா உன் தலையணை உறையைத் துவைத்துவிட்டாள்.

அன்புடன்,
அக்கா

மே 10

அக்கா,

அவசரமாக நாலு வரி. அனைவரும் சுகம்தானே? 18ஆம் தேதி வருகிறேன். அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மைக் சோதனை. அந்த மாத்திரை தூக்கம் வரவைக்கும், சோர்வாக்கும் என்று படித்தேன். நாள் முழுக்க உட்கார வேண்டும். அதனால் அன்றைக்கு மட்டும் போடாதே. திரையை விரிக்கவே மாட்டோம், யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். உன் உடம்புதான் எனக்கு முக்கியம்.

தம்பி

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? போன் இல்லை, கடிதம் இல்லை. சோதனை முடிந்ததும் வீட்டுக்கு வராமலே போய்விட்டாய், அம்மா இரண்டு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ சொன்னபடி அன்றைக்கு மாத்திரை போடவில்லை. நடுப்பகுதி வந்ததும் கை ஆட ஆரம்பித்தது. கோல்காரர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று உயிர் போனது. திரை சுருட்டியே கிடந்ததால் பிழைத்தேன். நீ மட்டும் காதில் ஹெட்போனோடு மானிட்டரைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, இன்னொரு தடவை", "அக்கா, ஒரே ஒரு தடவை" என்று ஐந்து முறை வாசிக்க வைத்தாய். முடிந்ததும் ஓடி வந்து எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டாய். வளர்ந்த பிறகு நீ என்னைக் கட்டிக்கொண்டதே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் பொறாமை!

21ஆம் தேதி நிகழ்ச்சிக்கு மாத்திரையைக் கைப்பையில் இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். பரிசீலனைக் குழுவும் அன்று வந்து உட்காருமாம். வரட்டும்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 24

தம்பிக்கு,

அம்மா நலம். நீயும் நலம்தான், பத்திரிகையில் உன் சிரித்த முகத்தைப் பார்த்தேன். நிகழ்ச்சி முடிந்த கையோடு சொல்லாமல் கிளம்பிவிட்டாயே, அதனால் எழுதிக் கேட்கிறேன்.

அன்று மதியம் கடைசி ஒத்திகை. மாத்திரை போட்டிருந்தேன். முதல் தடவையாகத் திரையை விரித்தாய். நடுப்பகுதியில் என் கை அசையவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தேன், பதினாறு கோடுகளும் நோட்டுப் புத்தகத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நின்றன. மெஷினிலிருந்து ஒலியே எழும்பவில்லை. உன் முகம் செத்துப்போனது. "டீ குடிச்சிட்டு வரேன்" என்று போனவன் ஒரு மணி நேரம் கழித்து வந்து, "ஒண்ணும் பிரச்சினை இல்ல, சாயங்காலம் சரியாயிடும்" என்றாய்.

மேடையேறுமுன் இன்னொரு மாத்திரை போட்டதால் சாயங்காலம் என் கை மதியத்தைவிட உறுதியாக இருந்தது. நடுப்பகுதி ஆரம்பித்ததும் சபையில் ஒரு பெருமூச்சு. உன் ஒலி அலை அலையாக எழுந்து நெஞ்சைப் பிடித்தது. பெரிய திரை எங்கள் முதுகுக்குப் பின்னால், அதனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கணக்கு வாத்தியார் தாளைத் திருப்பும்போது இரண்டு தாள் சேர்ந்து புரண்டுவிட்டது. அவர் பதறித் திருப்புகிற வரை இடம் புரியாமல் நாங்கள் இருவரும் வில்லைத் தூக்கி வைத்திருந்தோம். எட்டு எண்ணிக்கை இருக்கும். மின் ஒலியோடு சேர்ந்து வாசிக்க வசதியாக எங்கள் காலடியில் நீ வைத்த சின்ன மானிட்டரில் அப்போதுதான் என் கண் போனது. பத்தாவது கோடு, அவருடையது, அணைந்திருந்தது. பதினோராவது எரிந்தது. நடுங்கிக்கொண்டே இருந்தது. என் வில் காற்றில் இருக்கிறது தம்பி, என் கோடு திரையில் நடுங்குகிறது.

அது மே 18ஆம் தேதியின் கை. மாத்திரை போடாதே என்று நீ சொன்ன நாளின் கை. பதிந்து வைத்திருந்தாய். என் உடம்புதான் முக்கியம் என்றாயே, அது இதற்காகத்தானா? நொடிக்கு எத்தனை தடவை என்று கேட்டதும் இதற்காகத்தானா?

நானூறு பேர் பார்த்தார்கள். எந்தக் கோடு யாருடையது என்று கையேட்டில் படம் போட்டுக் கொடுத்திருக்கிறாய். இன்று காலை மேலாளர் கூப்பிட்டு, "எத்தனை நாளா கை இப்படி இருக்கு?" என்று கேட்டார். குரல் மிக மரியாதையாக இருந்தது.

உடனே பதில் எழுது.

அக்கா

ஜூலை 8

தம்பிக்கு,

நலமா? இரண்டு வாரமாகப் பதில் இல்லை. போனை எடுக்கவும் இல்லை. அம்மா கேட்டால் உனக்கு வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு வாத்தியாரைப் பிடித்துக் கேட்டேன். "உங்க கை கல்லு மாதிரி நின்னுது, ஓரக்கண்ணால பார்த்தேன்" என்றார். மேலாளரிடம் அதைச் சொல்லுங்கள் என்றேன். "என் நாற்காலியும் பரிசீலனையில இருக்கு, எனக்கு எதுக்கும்மா வம்பு" என்று நழுவிவிட்டார். அவர் வேற்று மனுஷர், அவரை நொந்து பயனில்லை.

அதனால் நேற்று மேலாளரிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நடுக்கம் உண்டு, மாத்திரை உண்டு, மாத்திரை போட்டால் நடுக்கம் இல்லை, அன்று திரையில் ஓடியது பழைய பதிவு என்று. டாக்டரின் சீட்டையும் காட்டினேன். இப்போதே வாசித்துக் காட்டுகிறேன் என்று பெட்டியைத் திறந்தேன். அவர் தடுத்தார். "நீங்க சொல்றது உண்மையா இருந்தா, மேடையில மாத்திரை வேலை செஞ்சிருக்கு. உங்களை நீக்க எங்களுக்குக் காரணமே இல்ல. ஆனா கையேட்டில எல்லாம் நேரடின்னு போட்டிருக்கே. பதிவா, நேரடியான்னு உங்க தம்பிதான் சொல்லணும்" என்றார். உனக்குக் கடிதம் எழுதுகிறார்.

இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்ததை, நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் அவர் மேஜையில் போட்டுவிட்டு வந்தேன். நீ செய்தது பெரிய துரோகம். அதை நான் எப்படியாவது விழுங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு வரி எழுது. "அது பதிவு." அவ்வளவுதான். உன்னால் வந்த பழியை உன்னால்தான் போக்க முடியும்.

அக்கா

ஜூலை 22

அன்புள்ள அக்கா,

நீயும் அம்மாவும் சுகம்தானே? மழை ஆரம்பித்திருக்கும், அம்மாவை ஈரத் தரையில் நடக்க விடாதே.

இங்கே தலைக்கு மேல் வேலை. ஐந்து ஊர்களில் நம் படைப்பை அழைத்திருக்கிறார்கள். எல்லா விமர்சனத்திலும் அந்த நடுப்பகுதிதான். ஒரு மனித உடம்பு இவ்வளவு வெளிப்படையாக மேடையில் நின்றதே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உன் கோட்டைப் பற்றித்தான் அக்கா. உனக்குப் பெருமையாக இல்லையா?

மானிட்டர் பற்றிக் கேட்டிருந்தாய். மெஷினுக்கும் திரைக்கும் இடையில் சில சமயம் தாமதம் வரும். மேடை வெளிச்சத்தில் கண்ணும் ஏமாற்றும். அதையே நினைத்து மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

மேலாளரின் கடிதம் வந்தது. பதில் போட்டுவிட்டேன். நீ கவலைப்படாமல் இரு. குழுவில் எப்படி ஆனாலும் என்னோடு ஐந்து ஊருக்கும் வா. மாத்திரை கீத்திரை எதுவும் வேண்டாம், கை எப்படி இருக்கிறதோ அப்படியே வா.

உன்,
தம்பி

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. ஈரத் தரையில் நடக்க விடுவதில்லை.

நீ கவலைப்படாதே என்று எழுதியதும் நிஜமாகவே கவலைப்படாமல் இருந்தேன். என்ன இருந்தாலும் தம்பி, கடைசியில் சொல்லிவிட்டான் என்று நினைத்தேன். பரிசீலனை அன்று இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மேலாளர் உன் பதிலை என் பக்கம் நகர்த்தினார். இதோ, நீ எழுதியதை உனக்கே எழுதுகிறேன்.

"பதினாறு கோடுகளும் அன்று நேரடியாகவே ஓடின. இந்தப் படைப்பில் பதிவு எதுவும் இல்லை. என் அக்காவின் உடல்நிலை குறித்து எங்கள் குடும்பமே வேதனையில் இருக்கிறது. இந்த நேரத்தில் அவர் சொல்வதைப் பெரிதுபடுத்தாமல், அவரை அன்போடு நடத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்."

முதல் இரண்டு வரியோடு நிறுத்தியிருந்தால் என்னைப் பொய்க்காரியாக மட்டும் ஆக்கியிருப்பாய். மீதி இரண்டு வரியில் பைத்தியக்காரியும் ஆக்கிவிட்டாய். நீ கேட்டுக்கொண்டபடியே அன்போடு நடத்தித்தான் என் நாற்காலியை எடுத்துக்கொண்டார்கள். கோல்காரர் வாசல் வரை வந்தார். செல்லோக்காரர் என் பெட்டியைத் தூக்கி வந்து வண்டியில் வைத்தார். நான் தூக்கினால் நடுங்குமாம். அன்று காலை மாத்திரை போட்டிருந்தேன், கை துளிக்கூட ஆடவில்லை. யாரிடம் காட்டுவது? நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாயடா. உன் ஐந்து ஊருக்கும் நான் வரப்போவதில்லை. என் கைதான் ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு போ.

என்னைக் கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். நம்பிவிட்டாள். திரையின் படம் வந்த பத்திரிகைப் பக்கத்தை வெட்டி நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்திருக்கிறாள். நேற்று தலை வாரிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டு, "இதுல நீ எதுடி?" என்று கேட்டாள். பதினோராவதைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "மத்ததெல்லாம் நேரா இருக்கு, உன்னுது மட்டும் ஏன் இப்படி நடுங்குது?" என்றாள்.

"தம்பி அப்படி வரைஞ்சிருக்கான்மா" என்றேன்.

"நல்லா வரைஞ்சிருக்கான்" என்றாள்.

அவளுக்கு வாரம் ஒரு கடிதம் போடு. உறையின் மேல் அம்மாவின் பெயரை எழுது. என் பெயருக்கு எழுதாதே.

அக்கா